புகையில் காய்ந்த துணிகள்

எங்கள் ரப்பர் தோட்டம் இருக்கும் குருவிட்டப் பக்கம் மழை நின்றால்தான் செய்தி. என் மகன் பிறந்த மாதத்தில் தொழிலாளர் லயத்துக் கொடியில் ஒரு துணிகூட ஒழுங்காகக் காயவில்லை. வீட்டுக்காரர் கட்டிப் பழசான சாரங்களையும் என் பருத்திச் சேலைகளையும் கிழித்துத்தான் அவனுக்குக் கட்டிவிட்டோம். மதியத்துக்குள் அத்தனையும் நனைந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைத்துத் தட்டிய சீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் அறையில் வேலை. அவர் யாரையும் கேட்காமல் ஈரத்துணிகளை வாளியோடு தூக்கிப் போய், சீட்டுகளுக்கு நடுவே கழியில் தொங்கவிட்டு, சாயங்காலம் மொறமொறவென்று கொண்டுவந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. துணி முழுக்கப் புகை நெடி. முதலில் நானும் சிரித்தேன்.

கிளினிக்கில்தான் வந்தது வினை. தடுப்பூசி வரிசையில் பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தோட்டத்துப் பிள்ளை, அதான் ரப்பர் நாற்றம்" என்று சிங்களத்தில் தன் தங்கையிடம் சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைப்பு. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஊசி போட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"நம்ம புள்ள என்னா, ரப்பர் சீட்டா? இனிமே டயபர்தான். டவுன் புள்ளைங்க மாதிரி வாசமா இருக்கட்டும்."

"துணின்னா நனஞ்ச ஒடனே தெரியும். அதான் யோசிக்கிறேன்," என்றார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தார். மறுநாளே டயபர் கட்டு வந்தது.

சுகமாகத்தான் இருந்தது. துவைக்க வேண்டாம், மழையைத் திட்ட வேண்டாம். பிள்ளை பவுடர் வாசத்தோடு கிளினிக்குக்குப் போனான். நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆறாம் மாதம் அவனுக்கு வயிற்றோட்டம் வந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. மாற்றும்போதெல்லாம் வயிற்றோட்டத் தண்ணீரில் டயபர் கனத்துத்தான் இருந்தது. சிறுநீரும் போகிறான் என்றே நினைத்துக்கொண்டேன். துணியாக இருந்திருந்தால் எல்லாம் வயிற்றோட்டம்தான், சிறுநீரின் ஈரமே இல்லை என்பது கைக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அள்ளிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே, நேற்றிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் போனான் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல அந்த நேரத்திலும் வெட்கம் விடவில்லை.

"மூணு தடவைங்க," என்றேன்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் பொய்யால் வைத்தியம் ஒன்றும் கெடவில்லை. டாக்டர் என் பேச்சை நம்பவே இல்லை. பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்ததுமே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். நம்பியது பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர்தான். இன்றைக்கும் நான் உடைந்து அழும்போதெல்லாம் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து அதையே சொல்கிறார்.

"நீ என்னா கொற வச்ச? எத்தன தடவ ஒண்ணுக்குப் போனான்னு மொதக்கொண்டு கணக்கா பாத்தியே. ஒன்ன மாதிரி யாரு பாத்துக்குவா?"

நானும் தலையை ஆட்டுகிறேன்.