எல்லோரும் சொன்ன அரை மணி நேரம்

தெரசாளுக்கு நாற்பத்தெட்டு வயது. பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில் இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறார். பச்சைப் பிள்ளைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. தேள் கொட்டி வரும் பிள்ளைகளைப் பற்றி டாக்டர் ராம்குமார் ஓர் ஆய்வு நடத்துகிறார். செந்தேள் விஷத்தைச் சின்னப் பிள்ளைகளின் நெஞ்சு தாங்குவதில்லை. கொட்டியதிலிருந்து அதற்கான முதல் மாத்திரை கொடுக்கும் வரை எவ்வளவு நேரம் வீணாகிறது என்று காட்டிவிட்டால், அந்த மாத்திரையை ஊர் நர்ஸ்களிடமே கொடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். கொட்டிய நேரத்தைக் கேட்டு எழுத வேண்டியவர் தெரசாள்.

நூற்று நாற்பது படிவம் சேர்ந்த பிறகு டாக்டர் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நூத்திப்பத்துப் பேர் அரை மணி நேரம்னு சொல்லியிருக்காங்க. திருச்சுழிக்கு அங்கிட்டு இருந்து பஸ்ஸுல வரவே ஒரு மணி நேரம் ஆகுமே."

விஷயம் தெரசாளுக்கும் தெரியாததில்லை. தேள் கொட்டினால் முதலில் பார்வை பார்க்கத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வேப்பங்குழையால் வருடி, மந்திரித்து, விஷத்தை இறக்குகிறவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அதில் கேட்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி. அந்த நேரத்தை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் அரை மணியில் வந்துவிடுகிறார்கள் என்றால் ஊரில் மாத்திரை எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு வருஷ உழைப்பும் பாழ்.

வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேளுங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நடக்கிற கால் அவருடையதா என்ன? கருவேலங்காட்டு வெயிலில், முட்டி வலியோடு, தெரசாள் எழுபது வீடு ஏறி இறங்கினார். பாதிப் பேர் கதவே திறக்கவில்லை. மீதிப் பேர் மறுபடியும் அரை மணி நேரம் என்றார்கள். சலித்துப்போய்விட்டது.

எழுபத்தோராவது வீடு பந்தல்குடிக்கு அப்பால். யுவராணியின் வீடு. தேள் கொட்டி வந்த அவளுடைய நாலு வயது மகன் பிழைக்கவில்லை. புருஷன் லாரிக்குப் போயிருந்தான்.

தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"நாலு மணி நேரம் ஆயிருச்சு சிஸ்டர். பார்வை பாக்கப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு இன்னும் தெரியாது."

"அன்னிக்கி ஏன் தாயி அரை மணி நேரம்னு சொன்ன?"

"எனக்கு முன்னால ஒரு பொம்பளை மூணு மணி நேரம்னு சொல்லுச்சு. 'இம்புட்டு நேரம் என்னத்தக் கிழிச்ச, நீயெல்லாம் ஒரு தாயா'ன்னு அதை வஞ்சீக. கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. அடுத்தது நான்தேன் நின்னேன்."

தெரசாளுக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவில் இல்லை. அப்படி எத்தனையோ பேரை வைதிருக்கிறார். ஆனால் அன்று இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வந்ததும், மூன்று மணி நேரப் பிள்ளையை முதலில் உள்ளே அனுப்பியதும் நினைவிருந்தது. அரை மணிதானே, இவன் பொறுப்பான் என்று யுவராணியின் மகனை உட்கார வைத்ததும் அவர்தான்.

"நெசத்தச் சொல்லியிருந்தா பெழச்சிருப்பானா சிஸ்டர்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இருபது வருஷமாக எத்தனையோ தாய்மார்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார். எழுபது வீட்டில் உண்மையைக் கேட்டுவிட்டு இங்கே பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியல தாயி. உள்ள அனுப்பாம உக்கார வச்சது நான்தேன்."

யுவராணி காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெரசாளுக்கு அழுகை வந்தது. படிவத்தில் அரை மணி நேரத்தை அடித்துவிட்டு நாலு மணி என்று எழுதினார். முதலில் நேரத்தை மறைத்த காரணம் என்று டாக்டர் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார். அதில் 'நர்ஸுக்குப் பயந்து' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

இன்னும் முப்பத்தொன்பது வீடு பாக்கி இருந்தது.