பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர்

பிரித்துப் போட்ட ஒரு பழைய ஜீப்பை ஒற்றை ஆளாகத் துரு தேய்த்து, திரும்பப் பூட்டிவிட முடியும். நான் செய்தேன். பதினான்கு மாதம் ஆனது. கியர்பாக்ஸை மட்டும் ஷெட்டின் குறுக்கு இரும்பில் செயின் போட்டுத் தொங்கவிட்டு ஏற்றினேன்; மற்றதெல்லாம் இந்த இரண்டு கைகள்தான். ஆனால் பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. இருபத்தெட்டு வருஷம் மேலே உட்கார்ந்து மிதித்தவளே நான்தான்.

கீழே படுத்திருந்தவர் என் கணவர். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நடவு சமயத்தில் அந்த வண்டிப்பாதைச் சேற்றில் இறங்கி ஏற இதைவிட்டால் வேறு வண்டி கிடையாது என்பார். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகும் ஜீப்பை விடவில்லை. ஓய்வு பெற்றதும், “பூரா பிரிச்சு, புதுசா பூட்டிடறேன் பாரு” என்று ஆரம்பித்தார். பிரித்து முடித்த மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அழுகை வந்த அளவுக்குக் கோபமும் வந்தது. பூட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நட்டு போல்ட்டுகளை ஊறுகாய் பாட்டில்களில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். ஒன்றில் ‘முன்னாடி’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ‘முன்னாடி இல்லாதது’. மூன்றாவதில் ‘அப்புறம் பாத்துக்கலாம்’. இந்த மனிதரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது ஒரு கேடயமாவது கொடுத்திருக்க வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் மகன், “எடைக்குப் போட்டுடும்மா, ஷெட்டாவது காலியாகும்” என்றான். காலியான ஷெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவன் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” என்று கேட்டார். அவர் வெளியே போகக் கேட்டை நானே அகலமாகத் திறந்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள். தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. கூத்தாநல்லூரில் பழைய ஜீப் சாமான் விற்கும் பாய் ஒருவர், கேட்ட உதிரிகளையெல்லாம் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். ஒரு நாள் என்ஜின் ஓடியது. புகை ஷெட்டை நிறைத்தது, நான் இருமிக்கொண்டே சிரித்தேன். சொல்ல ஆள் இல்லாததால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது பிரேக் மட்டும். சிலிண்டர்களையும் ரப்பர்களையும் மாற்றிவிட்டேன். ஆனால் குழாயைக் கழற்றிப் பூட்டியதில் உள்ளே காற்று புகுந்திருந்தது. திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம்; குழாய்க்குள் குமிழி இருந்தால் நம் மிதி குமிழியை நசுக்குவதோடு சரி, சக்கரம் வரை போகாது. வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம். அந்தக் குமிழிகள் வெளியே வராதவரை ஜீப் கேட்டைத் தாண்டக்கூடாது. கிளம்பும், நிற்காது.

தனியாகச் செய்து பார்த்தேன். பெடலை மூன்று முறை மிதித்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மூங்கில் கழியை முட்டுக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்க் கீழே படுத்துத் திருகைத் திறந்தேன். பெடல் இறங்கியதும் கழி நழுவியது, பெடல் துள்ளி மேலே வந்தது, வெளியே போன காற்று திரும்ப உள்ளே போனது. ஒற்றை ஆளே செய்ய ஒரு வால்வு இருப்பதாக வீடியோவில் காட்டினார்கள். அதையும் வாங்கினேன். எங்கள் ஜீப்பில் அந்தத் திருகின் தேய்ந்த மரை வழியாகவே காற்று உள்ளே வந்தது. அறுபது வயதுக்கு மேல் படுத்து எழுந்து, படுத்து எழுந்து, நான்காம் நாள் எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்தேன்.

அப்படிக் கிடந்தபோதுதான் உறைத்தது. ஐந்து நிமிஷம் வந்து ஒரு பெடலை மிதித்துவிட்டுப் போ என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. தெருவில் பாதி வீடு பூட்டியிருக்கிறது, பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். மீதிப் பாதியை என் வாய் துரத்திவிட்டது. தனியாக இருப்பவர்களுக்கு இரவுதான் கஷ்டம் என்பார்கள். இரவில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பகல் பதினோரு மணிதான் தாங்காது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அவரும் தனி. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது அவருடைய மதில் சுவரை இடித்துவிட்டார். அக்கா நியாயமாகத்தான் சத்தம் போட்டார். நான்தான், “வண்டி ஓட்டுற வீட்ல நாலு இடி இருக்கத்தான் செய்யும். ஓட்ட ஆளில்லாத வீட்ல உட்கார்ந்துகிட்டு உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டேன். அவர் கணவர் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வார்த்தை வாயைவிட்டு இறங்கியதுமே என் தப்பு எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சுவரைக் கட்டிக் கொடுத்தோம், பேச்சு நின்றுபோனது.

என் கணவர் இறந்த அன்று அந்த அக்கா வந்தார். துக்க வீட்டில் வந்தவரை ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. போகிறவரும் ‘வரேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எழுந்து போனார். வழக்கப்படி ஒரு சொல் இல்லை. மற்றவர்களோடு அந்த மௌனம் பதினாறாம் நாளோடு முடிந்தது. எங்கள் இருவருக்கும் முடியவில்லை. இது பழைய சண்டையா, துக்கம் கேட்டதன் மிச்சமா என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓடியது. முதலில் பேச வேண்டியவள் நான்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. அக்கா கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தார். நான் கிரீஸ் கையோடு மதிலருகே போய் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

“அக்கா, கொஞ்சம் வாங்களேன்.”

அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கீரையைச் சுவர்மேல் வைத்தார். “இதோ வரேன் டீச்சர்.”

டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, மூன்று தரம் மிதித்துவிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“தெரியும் டீச்சர். சார் ‘அமுக்கு, அமுக்கு, புடி’ன்னு கத்துவாரு. நீங்க ‘புடிச்சிருக்கேன், அதுக்கு ஏன் கத்துறீங்க’ன்னு கத்துவீங்க. எங்க அடுப்படியில நின்னா ஒண்ணு விடாம கேக்கும்.”

பின்சக்கரத்துக்குக் கீழே போய்ப் படுத்தேன். திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டேன். “அமுக்குங்க” என்றேன். பெடல் மூன்று முறை கிரீச்சிட்டது. “புடிச்சிருக்கேன்” என்றது மேலிருந்து ஒரு குரல். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார், குரல் மட்டும்தான். இத்தனை வருஷமாக என் குரல் என் கணவருக்கு இப்படித்தான் கேட்டிருக்கும். பிரேக் ஆயில் தெறித்துக் கண் எரிந்தது என்று எழுதலாம். தெறிக்கவில்லை. அழுதேன். திருகைத் திறந்தேன், பழுப்பு ஆயிலோடு குமிழிகள் வெளியே வந்தன.

இரண்டாவது சக்கரத்தில், “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா” என்றேன். முகத்தைப் பார்க்காமல், அச்சைப் பார்த்துச் சொன்னதால் சொல்ல முடிந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“புடிச்சிட்டுதான் இருக்கேன்,” என்றார் கடைசியில். “தெறங்க.”

மூன்றாவது சக்கரம் சுலபமாக முடிந்தது. கடைசியாக டிரைவர் பக்கத்து முன்சக்கரம். அதற்குப் படுக்க வேண்டாம், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான்கு முறை திறந்து மூடியதும் காற்று நின்றது. ஆயில் மட்டும் சுத்தமாக ஓடியது. பெடலும் கல் மாதிரி நின்றுவிட்டது. வேலை முடிந்தது. “போதும்க்கா, எறங்குங்க” என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் கையைக் கழுவுவார், காபி குடிப்பார், போய்விடுவார்.

“இன்னும் காத்து இருக்கு போலருக்குக்கா” என்றேன். “இன்னொரு தடவ பாத்துடலாமா?”

அக்கா சீட்டிலிருந்து வெளியே சாய்ந்து, என் தோளுக்கு மேலாகப் பாட்டிலைப் பார்த்தார். குழாயில் பேருக்கு ஒரு குமிழிகூட இல்லை. அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியும்.

“ஆமா டீச்சர், நெறையவே இருக்கு” என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.