மேடம் கொடுத்த லைசன்ஸ்

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டு சாய்ந்து நிற்கிறது. பழைய கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடி அது. அதன் மேல்மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. லேபிளின் நடுவில், சந்தனம் ஊறிப்போன மஞ்சள் கறை. கூட்டும்போது தட்டை நகர்த்திவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பேன். "பழைய இரும்புக்குப் போட்டுடலாமே" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

திருமணத்துக்கு முன் நான் கண்டி நகரத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்தேன். அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு துணிக்கடைக்கு மேலே, ஆள் ஒருவர் இறங்கினால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய மாடிப்படி ஏறினால் வரும் ஒற்றை அறை. மேடம், ஹந்தானையிலிருந்து வரும் ஓர் அக்கா, நான். மேடம் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கையெழுத்திட்டுச் சீல் அடித்துக் கொடுப்பார். வெளிநாடு போகிறவர்கள், கடவுச்சீட்டு எடுக்கிறவர்கள், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் உள்ளவர்கள் என்று காலையிலிருந்து படியில் ஆள் இருக்கும். மேடம் கத்தோலிக்கர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, மேசையில் எப்போதும் பாதி குடித்த வெறுந்தேநீர். அவருக்கு மூன்று மொழிகள் தண்ணீர் பட்டபாடு. ஆனால் கணினி என்றால் ஒவ்வாது. சுட்டியைத் தொடும்போது சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத்தான் தொடுவார்.

அப்படிப்பட்டவர்தான் எங்கள் கணினியின் இயங்குதளத்துக்குப் பெட்டியோடு அசல் லைசன்ஸ் வாங்கினார். அந்தத் தெருவில் இருந்த தட்டச்சுக் கடைகள் எல்லாவற்றிலும் களவுப் பிரதிதான் ஓடிக்கொண்டிருந்தது. பாகங்களைப் பூட்டிக் கணினி செய்து கொடுத்தவரே, "மேடம், இது ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல, சும்மா போட்டுத் தாறேன்" என்றார். மேடம் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்து, "உண்மைப் பிரதின்னு நான் சத்தியம் பண்ணிச் சீல் அடிக்கிறேன். அடிக்கிற பேப்பரு களவு மெஷின்ல இருந்து வரலாமா?" என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய் அசலைக் கொண்டுவந்தார். பெட்டி தொலைந்துவிடும் என்று, அதிலிருந்த லேபிளை உரித்து மேடமே கணினியின் பக்கவாட்டில் ஒட்டினார். கோணலாகத்தான் ஒட்டினார். லைசன்ஸ் நம்பர் அதில்தான், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் இருபத்தைந்து, ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சிட்டிருந்தது.

சரஸ்வதி பூசை வந்தால் ஹந்தானை அக்கா வேலைக்கு வரும்போதே பூவும் சந்தனமும் கொண்டுவந்துவிடுவார். சுண்டலுக்கு மேடமே கடலை வாங்கித் தருவார். சீல், பேனாக்கள், அகராதிகள், பிரிண்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்து, கடைசியில் கணினிக்கு. எங்கே வைப்பது? கறுப்புத் தகரத்தில் சந்தனம் நிற்காது. வெள்ளையாக இருந்தது லேபிள் மட்டும்தான். அக்கா அதன் நடுவில் பெரிதாக ஒன்று வைத்து, அதன்மேல் குங்குமமும் வைப்பார்.

"அடியே, நம்பர் மேலேயே வைக்கிறியே, பெறகு எப்படிப் படிக்கிறது?" என்று மேடம் கேட்பார்.

"அம்பாளுக்குப் படிக்கத் தெரியும் மேடம். உங்களுக்குத்தான் கம்பியூட்டர் தெரியாது" என்பார் அக்கா.

மேடம் சிரித்துக்கொண்டே சுண்டல் கேட்பார். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைப்பது சரியில்லை என்று நாங்கள் துடைப்பதும் இல்லை. அடுத்த வருடம் பழைய பொட்டின்மேல் புதிய பொட்டு.

நான் சிறுவயதிலிருந்தே எதையும் ஒரு தடவையில் நம்பாதவள். வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். வேலையில் சேர்ந்த புதிதில், அச்சடித்து முடித்த சான்றிதழையும் எடுத்து எண்களை மறுபடி பார்ப்பேன். அக்கா கேலி செய்வார். முந்திய இடத்தில் இதற்காகவே திட்டு வாங்கியிருந்ததால் மேடமும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு நாள் அக்காவிடம், "இவ ஒன்னையும் நம்ப மாட்டா. நமக்கு வேண்டியது அந்த ஆள்தான்" என்று சொல்லி, எல்லாச் சான்றிதழையும் எதிர்வாசிப்புச் செய்யும் வேலையை எனக்குக் கொடுத்தார். வாசிப்பது ஒருவர், திருப்பிச் சொல்வது மற்றவர். வாசித்தவர் தன்னைத் தானே சரிபார்க்கக் கூடாது. அது அங்கே கண்டிப்பான வழக்கம். ஆங்கில எழுத்துகளுக்கு ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதுளை பி (B), பேராதனை பி (P), தெல்தோட்டை டி (D), திருகோணமலை டி (T). இல்லாவிட்டால் காதில் எல்லாம் ஒன்றாகவே விழும். ஒவ்வொரு வரி முடிவிலும் மேடம் "ஹரி" என்பார். சரி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வது; கண்டியில் எல்லோர் வாயிலும் வரும் சொல்தான். ஆனால் அவர் சொன்னால் அந்த வரியில் இனிப் பயப்பட எதுவும் இல்லை என்று என் உடம்புக்கே தெரியும். என் குறை என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்கு அந்த அறையில் ஒரு கதிரையும் மேசையும் கிடைத்தன.

மேடத்தின் கண் மங்கத் தொடங்கியதும் அலுவலகத்தை மூடிவிட்டு வத்தளையில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்தார். போகும்போது கணினியை எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது திருமணம் நிச்சயமாகியிருந்தது. "மெஷின் பழசு மகள், அது எப்பயும் போகும்" என்றார். "உள்ளுக்கு இருக்கிற லைசன்ஸ் போகாது. நான் தனியா வாங்கினது. இதுல இருந்து எடுத்து இன்னொண்ணுல போட்டுக்கலாம்னு வாங்கும்போதே கேட்டுக்கிட்டேன். அதைத்தான் உனக்குத் தாறேன்." கணினியைத் தொடவே தயங்கிய மேடம் இதை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று அன்று வியந்தேன். பிறகு மறந்தும் போனேன்.

இப்போது கண்டியிலேயே மஹய்யாவில் இருக்கிறோம். போன வருடம் மகளுக்கு, நடக்கத் தொடங்கி எட்டிய பொத்தானையெல்லாம் அமுக்குகிற வயது. இங்கே அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நான் வேலைக்குப் போகவில்லை. அப்போதுதான் கொழும்பு நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே சான்றிதழ் மொழிபெயர்க்கும் வேலைக்கு என்னை எடுத்தது. ஒரே நிபந்தனை, கணினியில் அசல் லைசன்ஸோடு இயங்குதளம் இருக்க வேண்டும். திங்கட்கிழமை அவர்களே இணையத்தின் வழியாகப் பார்ப்பார்கள். பழைய கணினியோ பத்து நிமிடம் ஓடினால் தானாக அணைந்துவிடும். ஆகவே ஒரு பாவித்த மடிக்கணினி வாங்கினோம். அதில் இருந்தது களவுப் பிரதி; புதிதாக லைசன்ஸ் வாங்கக் கையில் காசும் இல்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால் நகரத்துக் கடை ஒன்றில் சேர வேண்டியதுதான். அப்படியானால் மகளைத் தெல்தோட்டையில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு வார இறுதியில் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா சந்தோஷமாகத்தான் வைத்துக்கொள்வார். நான்தான் அதை யோசிக்கும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கணினி திருத்தும் கடைக்காரர் மடிக்கணினியில் சுத்தமாகப் புதிதாக இயங்குதளத்தை ஏற்றித் தந்தார். மேடம் கொடுத்த லைசன்ஸ் ஞாபகம் வந்து, அதை இதில் போடலாமா என்று கேட்டேன். "லைசன்ஸ் தனியா பெட்டியில வாங்கினதுன்னா மாத்தலாம் அக்கா. ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷின்லதான் இருக்கும். முதல்ல பழசுல இருந்து கழட்டணும், பெறகு புதுசுல போடணும். நம்பர் முழுசா இருக்குத்தானே?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேபிளின் முன் குந்தினேன். முதல் ஐந்து எழுத்துகள் வெளிறியிருந்தாலும் தெரிந்தன. கடைசி ஐந்து வெயிலிலும் கைபட்டும் முழுதாக அழிந்துபோயிருந்தன. நடுவில் இருந்தவை வருடக்கணக்கான சந்தனத்துக்குக் கீழே. கடைசி ஐந்தும் கணினிக்குள்ளேயே தெரியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது அணைவதற்குள் திறந்து எழுதிக்கொண்டேன். நடுப் பகுதிக்குத்தான் வழி இல்லை. ஈரம் பட்டால் அச்சும் சேர்ந்து கரைந்துவிட்டால்? மகளின் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக்கொண்டு, வைப்பதும் எடுப்பதுமாக வெகுநேரம் இருந்தேன். "இதுக்கு மேல யோசிச்சா அடுத்த சரஸ்வதி பூசையே வந்துடும்" என்றார், மகளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர்.

சந்தனம் செதில் செதிலாக வந்தது. அதன் கீழே எழுத்துகள் நேற்று அச்சடித்ததுபோலக் கறுப்பாக இருந்தன. வெளியில் இருந்தவற்றை வெளிச்சம் தின்றிருக்கிறது. மூடியிருந்தவற்றை அது தொடவில்லை. கெட்டுவிட்டது என்று நான் பயந்த இடம்தான் பத்திரமாக இருந்தது. எனக்கு ஹந்தானை அக்காவின் விரல் ஞாபகம் வந்தது.

ஆனாலும் நான் என்னை நம்பவில்லை. மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சர்ச் பூசைக்குப் போய் இப்பதான் வந்தேன். சொல்லு மகள், புள்ள சுகமா?"

விஷயத்தைச் சொன்னேன். பழைய கணினியிலிருந்து லைசன்ஸை எடுத்துவிட்டால், புதியதில் ஏறும்வரை அது எங்கேயும் இல்லை. ஏறாவிட்டால் இரண்டிலும் இல்லை.

"பயமா இருக்கா?"

"ஆமா மேடம்."

"இருக்கட்டும். பயத்தோடயே வாசி. கண்ணுதான் எனக்குச் சரியில்ல, காது இருக்கு."

முதலில் முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பிறகு, கடைக்காரர் எழுதித் தந்த கட்டளையைப் பழைய கணினியில் தட்டினேன். எடுத்தாகிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. சற்று நேரத்தில் கணினியும் தானாக அணைந்தது. இனி திரும்ப வழி இல்லை. மடிக்கணினியைத் திறந்து, லேபிளையும் கடைசி ஐந்துக்கு நான் எழுதிவைத்த தாளையும் பார்த்து ஐந்து ஐந்தாக வாசித்தேன். மேடம் திருப்பிச் சொல்லச் சொல்ல, லேபிளைப் பார்க்காமல் அவர் குரலைக் கேட்டுத் தட்டினேன். அலுவலகத்தில் செய்ததுபோலவே. மூன்றாவது தொகுதியில் மேடம் நின்றுவிட்டார்.

"இப்ப எட்டுன்னு சொன்னே. முதல்ல வாசிக்கும்போது பதுளைன்னு சொன்னே."

குனிந்து பார்த்தேன். எழுத்தின் ஓரத்தில் ஒரு சந்தனத் துகள் ஒட்டிக்கொண்டு பதுளை 'பி'யை எட்டாக்கியிருந்தது. குச்சியால் தொட்டதும் விழுந்தது. "பதுளைதான் மேடம்."

"ஹரி. அடுத்தது."

கடைசி எழுத்தும் முடிந்தது. பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. என் கணவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார், அது எதையும் அமுக்கிவிடாமல். வட்டம் நின்று, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நான் அதையும் மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"திரும்ப ஒருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "ஹரி" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் நிறுவனத்தார் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மகள் என் காலடியில் விளையாட, நான் சான்றிதழ்கள் மொழிபெயர்க்கிறேன். எண்களைச் சத்தமாக வாசிக்கிறேன். மேடத்துக்கு நன்றி சொல்லலாம் என்று பலமுறை தொலைபேசியை எடுத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிள்ளையின் சுகம் பற்றி மட்டும் பேசி வைத்திருக்கிறேன். அசலை வாங்கியதற்கா, அதைக் கொடுத்ததற்கா, என் பயத்தை ஒரு வேலையாக்கித் தந்ததற்கா? எதை முதலில் சொன்னாலும் மற்றது விட்டுப்போகும்போல இருக்கிறது.

இந்த வருட சரஸ்வதி பூசைக்கு மடிக்கணினியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். பிறகு, பழைய கணினியைப் போட்டபோது நான் கழற்றி வைத்துக்கொண்ட தகரத் தட்டை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துப் புத்தகங்களோடு வைத்தேன். சந்தனம் தொட்ட விரல் லேபிளுக்கு அருகே போனதும், என் வழக்கமான சந்தேகத்தில், எழுத்துகளை விட்டுச் சற்றுத் தள்ளி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளின் மேலேயே வைத்தேன், பெரிதாக.