யோசுவா அண்ணன் சொன்ன சம்மதம்

எங்கள் சபையில் யோசுவா அண்ணனைப் போல பொய் சொல்லத் தெரியாத மனுஷனை நான் பார்த்ததில்லை. பாறசாலையில் மாவு மில்லில் வேலை. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். "சுகந்தானா அண்ணே?" என்று கேட்டால் நின்று யோசிப்பார். "கால் வலி இல்ல. பசி உண்டு. சுகமாண்ணு தெரியல்ல" என்பார். அவர் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று, "கை குளிருது" என்று மட்டும் சொன்னார். கல்நெஞ்சன் என்று சிலர் பேசினார்கள்.

போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்தபோது திருவனந்தபுரத்தில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளை எல்லாருக்கும் இரண்டு பாதியாம். அதுகளைச் சேர்க்கிற நரம்புக் கட்டு இவருக்குப் பிறவியிலேயே இல்லையாம். சங்கடமும் சந்தோஷமும் உடம்பில் வரும், ஆனால் அது இன்னதென்று பிடிகிடைக்காமல் போவது அதனாலே இருக்கலாம் என்றாராம் டாக்டர். கர்த்தர் அப்படி உண்டாக்கினார், நாம் என்ன சொல்ல? ஆனாலும் அவர் மனைவி சரோஜம் பயந்தாள். "பிஜிக்குக் கல்யாண ஆலோசனை வாற நேரம். தலைக்குச் சுகமில்லாதவன் மகள்ணு சொல்லிப்போடுவாங்க. வெளியே விடாதே மக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

வெள்ளறடை ஊர்க்காரன் சஜுவுக்கு பிஜியை நிச்சயம் பண்ணுகிற அன்று, வழக்கம்போல போதகர் பெண்ணின் அப்பாவிடம் கேட்டார்: "மனசு நிறைஞ்ச சம்மதந்தானே?" எல்லா அப்பன்மாரும் ‘சம்மதம்’ என்று சொல்லி உட்காருகிற கேள்வி. யோசுவா அண்ணன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"தெரியல்ல ஐயா."

சஜுவின் அப்பா செல்லையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எங்க பையன்கிட்ட என்ன குறவு கண்டீரு? பந்தலும் போட்டு பாயசமும் காய்ச்சின பொறவா ஓய் இது?"

சரோஜம் தலை நிமிரவில்லை. பிஜிதான் முன்னால் வந்தாள். "மாமா, இரியுங்க. அப்பாவுக்கு மூளையில ஒரு இணைப்பு பிறவியிலேயே இல்ல. மனசுல உள்ளது என்னண்ணு அவருக்கே தெரியாது. பொய்யும் வராது. வேற மாதிரி கேக்கணும்." அப்பா பக்கம் திரும்பினாள். "இப்போ உடம்பு எப்படி இருக்கு?"

"கை குளிருது."

கல்லறையில் கேட்ட அதே சொல்.

"அது நான் போறதால உள்ள சங்கடமாக்கும் அப்பா."

"அப்படியா?" என்றார், ஊர்ச் செய்தி கேட்பது போல.

"சஜு நம்ம வீட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

இதற்கு அவர் யோசிக்கவில்லை. "கப்பைக்கிழங்கும் மீனும் வைக்கச் சொல்லுவேன். எனக்கு வச்ச மீன் துண்டு அவனுக்கு."

"அவன் வரவேண்டாம்ணு தோணுதா?"

"இல்ல. வரணும்."

செல்லையன் நின்றபடியே கேட்டார்: "தலைத் துண்டா, வால் துண்டா ஓய்?"

"தலை."

பந்தல் முழுக்கச் சிரித்தது. செல்லையன் நாற்காலியை இழுத்து யோசுவா அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஜெபம் பண்ணுங்க ஐயா."

ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். செல்லையன் அந்தக் குளிர்ந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார்.