கண்டக்டரின் கை

ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பதற்காக, வெள்ளைச் சேலை கட்டி, கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சிறுமி என் மடியிலும் தரையிலுமாக வாந்தி எடுத்துவிட்டாள். அந்த நாற்றத்தில் எனக்கும் குமட்டியது.

“சீ! சனியனே, அங்கிட்டுப் போ!” என்று அவளைத் தள்ளினேன். அடுத்து உட்கார்ந்திருந்த அவள் அம்மா கூனிக் குறுகிப்போனாள்.

கண்டக்டர் வந்து, சிறுமியின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பிறகு குனிந்து, தரையில் கிடந்ததைப் பேப்பரால் வழித்து அள்ளினார்.

“கையெல்லாம் படுதே!” என்றேன்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க” என்றார்.

இயேசு குஷ்டரோகியைத் தொட்டார் என்று எத்தனை முறை வாசித்திருப்பேன்! அந்தத் தொடுதலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வாந்தியைவிட என் வாய்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இறங்கும்போது, “மன்னிச்சிரும்மா” என்று, படியருகே கண்டக்டர் பக்கத்தில் நின்ற சிறுமியிடம் கை நீட்டினேன். அவள் பயந்துபோய் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரிடம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.