பைப்பில் வந்த கெண்டைக் குஞ்சு

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை டவுனை ஒட்டிய அன்புவழிபுரத்தில். எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறுகிற தலைப்பில் ஒரு பைப் இருந்தது. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் தண்ணீர் அதில் காலையும் மாலையும் கிடைக்கும். குளோரின் மணக்கும். குடத்தைக் குனிந்து தூக்கும்போதே மூக்கில் ஏறும். அந்த மணத்தோடேயே வளர்ந்தபடியால் தண்ணீரின் இயல்பான மணமே அதுதான் என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் சாம்பல்தீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதில தண்ணி மணமே இல்லை" என்று குறை சொன்னேனாம். அம்மா அதை என் கலியாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்தா.

எழுபதுகளின் நடுவில் கலியாணமாகிக் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்புத் தண்ணீர்க் களப்பு. அதனால் வீட்டுக் கிணறுகள் எல்லாம் வெயில் காலத்தில் உவர்த்துப் போகும். ஊருக்கு மேற்கே, கொஞ்சம் மேடான காணியில், ஒரு பெரிய கிணறு வெட்டி, தூண்களின் மேல் தண்ணீர்த் தாங்கி கட்டி, தெருவில் சில இடங்களில் பைப் வைத்திருந்தார்கள். கிணற்றிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் எஞ்சினைப் பார்க்கிற வேலை என் கணவருக்கு. இருட்டுவதற்கு முன் தாங்கியை நிரப்பிவிட்டு, கையெல்லாம் டீசல் மணக்க வீட்டுக்கு வருவார்.

நான் அங்கே போவதற்கு முந்திய மாரியில் ஊரில் பல பேருக்கு வயிற்றோட்டம் வந்திருக்கிறது. சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தாராம். மாடுகள் நிற்கிற இடம், பக்கத்துக் காணிகளின் மலக்குழிகள், மழை வெள்ளம் ஓடிவருகிற பாதை எல்லாவற்றையும் காட்டி, "இந்த மணலுக்குள்ளால எல்லாம் கிணத்துக்குத்தான் வரும்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு தகரம் குளோரின் தூளைக் கொடுத்து, எப்படிப் பாவிப்பது என்றும் இவருக்குப் பழக்கினார். வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, தூளில் உள்ள சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிந்ததை மட்டும் தாங்கிக்குள் ஊற்றவேண்டும். தாங்கியின் மூடி எப்போதும் மூடியிருக்கவேண்டும்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தண்ணி என்று பெயர் வைத்தார்கள். பைப்படியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, இவரைக் காணும்போதெல்லாம் கோப்பையை நீட்டுவார். "இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க தம்பி. தேத்தண்ணியா, காயத்துக்குப் போடுற மருந்தா?"

எங்கள் மாமி அதற்கும் மேலே. பைப் வீட்டு வாசலில் இருக்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுதூரம் நடந்து தென்னந்தோட்டத்துக் கிணற்றுக்குப் போவா. போகும்போது ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டே போவா: "என்ர மகன் தாற தண்ணிய என்னால குடிக்க ஏலாது!" என் கணவர் யாருடைய முகம் கோணினாலும் தாங்கமாட்டார். தாயின் முகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு மட்டும் அந்தப் பைப் தாய்வீடு மாதிரி. போன புதிதில் மனம் சுருங்கினால் ஒரு குவளை தண்ணீர் பிடித்துக் குடிப்பேன். எங்கள் ஒழுங்கை, அம்மா, வரிசையில் நிற்கும் குடங்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். மீன் குழம்பு ஆகவில்லை, தேங்காய் எண்ணெய் ஆகவில்லை, வெங்காயம் தாளிக்கிற மணம் வந்தால் முற்றத்துக்கு ஓடவேண்டும். வயிற்றில் நின்றது அந்தப் பைப் தண்ணீர் மட்டும்தான். வாளி நிரம்பினவுடன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மூச்சை இழுப்பேன். வயிற்றுப் பிரட்டல் அடங்கும். மாமி நாடியில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பா.

"ஊர் உலகத்தில பொம்பிளையள் மாங்காய் கேப்பினம், புளி கேப்பினம். இவளுக்கு மருந்துத் தண்ணி கேக்குது. பிறக்கிறது டொக்டராத்தான் இருக்கும்" என்பா.

ஒரு நாள் காலை வாளிக்குள் முகத்தை வைத்தேன், மணம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. இவரைக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, பவுடர் போடயில்லையோ?"

"ஓம், போட்டனான்" என்றார், சைக்கிளைத் துடைத்தபடி.

என் மூக்குத்தான் கெட்டுவிட்டது என்று நம்பினேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லாம் மாறும் என்று சொல்வார்களே, இதுவும் மாறிவிட்டதாக்கும் என்று கவலைப்பட்டேன். ஊரோ திடீரென்று சந்தோஷமாகிவிட்டது. நானா இவருக்குக் காசு வாங்காமல் தேத்தண்ணி கொடுத்தார். மாமி தோட்டத்துக் கிணற்றுக்குப் போவதை விட்டுவிட்டு, "இப்பத்தான் என்ர பிள்ளைக்குக் கை வந்திருக்கு" என்று வாசல் பைப்பிலேயே குடம் வைத்தா. நான் ஒருத்திதான் வாளிக்குள் மூக்கை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வாளிக்குள் ஏதோ பளிச்சென்று திரும்பியது. விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு. நான் போட்ட சத்தத்தில் பைப்படியே திரண்டுவிட்டது.

"பைப்புக்குள்ளால மீனோ?"

"உசிரோட நீந்துது, பாருங்கோ!"

நானா வாளியை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மீன் சீவிக்கிற தண்ணி. இதவிட நல்ல தண்ணி எங்க கிடைக்கும்?" எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். மாமி உள்ளே போய் ஒரு ஜாம் போத்தல் கொண்டுவந்து மீனை அதற்குள் விட்டு, குசினி யன்னலில் வைத்தா. நான் கணவரைப் பார்த்தேன். அவர் சாரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணைப் பார்த்துக் கேட்டால் மறைக்கத் தெரியாத மனிதர், முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டார். குளத்தில் பிடித்த குஞ்சுகளைத் தாங்கிக்குள் விட்டிருக்கிறார். நுளம்புப் புழுவைத் தின்னும் என்று கிணறுகளுக்குள் மீன் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம்தான்.

"அப்ப பவுடர்?"

"பவுடர் போட்டா மீன் சாகுமெல்லே."

"மூடி?"

"அதுகளுக்குக் காத்து வேணுமெண்டு கொஞ்சம் திறந்து விட்டனான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் என்னப்பா செய்ய? ஊர் முழுக்க என்னைத் திட்டுது. அந்த மணம் உமக்கு மட்டும்தானே பிடிச்சது."

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. என் மூக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. மீனை எடுத்துவிட்டுப் பவுடர் போடும்படி சொன்னேன். நாளைக்கு என்றார். விடிந்தபோது அவரால் எழும்ப ஏலவில்லை. வயிற்றோட்டம். கையில் தண்ணீர் வாளியோடு வீட்டுப் பின்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். அயலில் இன்னும் சில வீடுகளிலும் அதே கதை. நான் வீட்டிலும் அயலிலும் கொதிக்க வைத்த தண்ணீர்தான் என்று சட்டம் போட்டு, இவருக்குக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செய்தி கேள்விப்பட்டுப் பரிசோதகர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். மெலிந்த, வெள்ளைச் சட்டைக்காரர். பைப்பைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, அதற்குள் ஏதோ மருந்து சில துளி விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வரும் என்று எனக்குச் சொன்னார். குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அந்த நேரம் மாமி ஜாம் போத்தலோடு வந்து நின்றா. "எங்கட தண்ணியில ஒரு குறையும் இல்லை ஐயா. இஞ்ச பாருங்கோ, மீன் என்ன மாதிரி ஓடித் திரியுது!"

ஐயா மீனைப் பார்த்தார், கையில் இருந்த குழாயைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய்விட்டது. "அம்மா, பவுடர் போடயில்லை எண்டதுக்கு நான் சாட்சி தேடி வந்தனான். நீங்கள் போத்தல்ல போட்டுத் தாறீங்கள்."

உள்ளே பாயில் கிடந்த என் கணவர் முனகியது வெளியே கேட்டது.

ஐயா தாங்கியடிக்குப் போய் இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்தபடி இறங்கினார். உள்ளே அசுத்தம், கழுவாமல் இனி ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்றார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா அப்பிடித்தான் சொல்லுவார். பவுடரைப் பாவிக்க வைக்கத்தானே வந்தவர்."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஏணியில் கையை வைத்தேன். மாமி என் தோளைப் பிடித்து இழுத்தா.

"உனக்கென்ன விசரே பிள்ளை? வயித்தில பிள்ளையோட ஏறப் போறியோ? தள்ளு!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவவே ஏறினா. கீழே நின்ற பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். உச்சிக்குப் போய்த் திறந்திருந்த மூடிக்குள்ளால் தலையை நீட்டினா. 

"மாமி, என்ன தெரியுது?"

"காகம் குளிச்சிருக்குப் பிள்ளை." குரல் மெலிந்து வந்தது. "செட்டை மிதக்குது. எச்சம். எங்கேயோ கோழி உரிச்ச வீட்டில குடல் தூக்கிக்கொண்டு வந்து இதுக்குள்ள போட்டிருக்கு." தலையை வெளியே இழுத்து, "இதையோ நான் இவ்வளவு நாளும் குடிச்சனான்?"

இறங்கி வந்தவ நேரே பைப்படிக்குப் போய், குடங்களில் இருந்த தண்ணீர் எல்லாவற்றையும், தன்னுடையது பிறத்தியாருடையது என்று பாராமல், கவிழ்த்துவிட்டா.

அன்றே தாங்கியை வடிய விட்டோம். மீன்களைப் பனையோலைக் கடகத்தால் அள்ளிக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். தென்னந்தும்பால் உரஞ்சிக் கழுவி, குழாய் வாயில் இற்றுப்போயிருந்த பழைய வலைக்கம்பிக்குப் பதில் புதியது வைத்து, தாங்கியை நிரப்பி, பவுடர் கலந்தார்கள். மாமி கீழே நின்று மூடி சரியாக மூடியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டா.

மீதி இருந்தது நானாவின் தேத்தண்ணிதான். எங்கள் அம்மா டவுனில் செய்வதை நான் செய்து காட்டினேன். பின்னேரம் பிடித்த தண்ணீரை அகல வாய்ப் பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் கட்டிவைத்து, இரவோடு மணம் பறந்துவிட, விடிந்த பிறகு எடுத்துக் கொதிக்க வைப்பது. மறுநாள் காலை அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை, தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றி நானாவுக்கு முன்னால் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. அவர் இரண்டையும் மாறி மாறிக் குடித்தார். கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

"இது கிணத்துத் தண்ணி" என்று ஒன்றை உயர்த்தினார். அது பைப் தண்ணீர்.

கடை முழுக்கச் சிரித்தது. நானாவும் சிரித்தார். "சரி மகள், நான் தோத்துட்டன். இன்னுமொரு கோப்பை ஊத்துங்க, சரியாச் சொல்றன்." அதையும் பிழையாகத்தான் சொன்னார். அடுத்த நாள் அவருடைய கடையில் பெரிய பானை ஒன்று துணி கட்டி நின்றது. தெருவில் மற்ற வீடுகளிலும் அப்படியே ஆயிற்று.

என் கணவர் எழும்பி நடமாடத் தொடங்கியதும் ஐயாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஐயா ஏசவில்லை. "இனி ஊர் ஏசினா என்னட்ட அனுப்பும்" என்று மட்டும் சொன்னார். அதற்குத் தேவை வரவில்லை. ஏசுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள மாமி இருந்தா. யாராவது மணக்குது என்று வாய் திறந்தால், "ஏணி அங்கதான் இருக்கு, ஏறிப் பாத்திட்டு வந்து கதை" என்பா. நான் பிள்ளை பெறும்வரைக்கும் இவர் ஒவ்வொரு காலையும் முதல் வாளியை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் தலையாட்டினால்தான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

எங்களுக்கு மகள் பிறந்தாள், திருகோணமலை ஆஸ்பத்திரியில். அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது தாங்கி கழுவுகிற நாளாக இருந்தது. அதை அதற்குள் ஒரு பெருநாளாக்கிவிட்டிருந்தார்கள். நானா பெரிய கேத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார், எங்கள் தெருப் பெண்கள் அவல் குழைப்பார்கள். தாங்கியின் அடிக் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் வெள்ளமாகக் கொட்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதற்குக் கீழே நின்று கூத்தடிப்பார்கள். அன்றைக்கு மேலே தாங்கிக்குள் இருந்து இவர் தும்பு உரஞ்சுகிற சத்தம் கேட்டது. ஏணி உச்சியில் நின்ற மாமி மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேத்தியைத் தூக்கிக் காட்டும்படி கீழே நின்ற எனக்குச் சைகை காட்டினா.