இறக்கம் என்று நான் சொன்ன ஏற்றங்கள்

என் கணவருக்கு மேடு என்றாலே ஆகாது. இதயக் குழாயில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்ததற்குப் பிறகு வந்த குணம் இது. முதலில் வலி வந்தது எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில். ஆகவே குற்றவாளி அந்தப் படிதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பல வருடம் ஊதித் தள்ளிய சிகரெட்டும் ஷிப்டு முடிந்து வரும் வழியில் தின்ற போண்டாவும் நிரபராதிகளாக வெளியே வந்துவிட்டன. லிப்ட் ஓடாத நாளில் கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஓசூர் மலைக்கோயிலுக்குப் போனால் அடிவாரத்திலிருந்தே ஒரு கும்பிடு. சாமிக்குக் கீழே நடப்பது தெரியாதா என்று என்னைக் கேட்பார்.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "சார் நல்லா இருக்காரும்மா. சைக்கிள் ஓட்டட்டும், மெதுவா மேடும் ஏறட்டும். பயம்தான் இன்னும் போகலை" என்றார். இதையே அவர் என் கணவரிடமும் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் மனசு நோகாமல் பேசுவார்கள் என்று இவர் அதை ஒதுக்கிவிட்டார்.

நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். நாளைக்கு வரவேண்டிய சரக்கு இன்றைக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கூசாமல் பொய் சொல்ல இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அவரோ வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கை சுருக்கமாக அவ்வளவுதான்.

கிராவல் சைக்கிள் என்று ஒன்று விற்கிறார்கள். வளைந்த ஹேண்டில், தடித்த பட்டன் டயர், மண் பாதைக்கென்றே செய்தது. ஆளுக்கொன்று வாங்கினேன். தார் ரோட்டில் மேடு வந்தால் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மண் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. சரளைக்கல், மணல், டிராக்டர் தடம் என்று எப்போதும் ஏதாவது காலைப் பிடித்து இழுக்கும். மிதி கனக்கிறது என்றால் சொல்வதற்கு நூறு காரணம் உண்டு.

தென்பெண்ணை ஓரமாகத் தொரப்பள்ளிப் பக்கம் போய், ரோஜாக் கூடாரங்களுக்கும் தக்காளித் தோட்டங்களுக்கும் இடையில் புகுந்து, உத்தனப்பள்ளி ரோட்டைத் தொடுகிற பாதைகளைத் தேடித்தேடிப் பிடித்தேன். சரியாக இழுத்து விரிக்காத போர்வை மாதிரி அங்கே நிலம் லேசாக ஏறும், லேசாக இறங்கும். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது, "ஆத்தோரம்ங்க, பூரா இறக்கம்தான்" என்பேன். திரும்பி வரும்போதும் அதையேதான் சொன்னேன். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம் என்று ஒரு பாதை உலகத்தில் இருக்க முடியுமா என்று அந்தக் குவாலிட்டிக்காரர் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஆனால் கால் கனப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. "என்னடி இது, இறக்கத்துல இப்படி இழுக்குது?" என்பார். எதிர்க்காற்று என்பேன். மணல் என்பேன். ஒரு நாள் டயரில் காற்று குறைவு என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே காற்று அளக்கும் கருவி ஒன்று பையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, நான் அவர் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவேன். அவர் வந்து அளப்பார். "பாத்தியா, குறைஞ்சிருக்குது. டியூப் சரியில்லை" என்பார், பெருமையாக. அந்த மனிதர் நல்ல டியூப் இரண்டைத் தூக்கி எறிந்தார். நான் சிரிப்பை மறைக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.  ஆனால் வழி நெடுக, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியேதான் நான் ஓட்டுவேன். அவர் தோள் சற்றுத் தொய்ந்தால், எனக்குத் தாகம் என்று சொல்லி நிறுத்திவிடுவேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு. மண் பாதையிலிருந்து உத்தனப்பள்ளியைத் தாண்டி ஒரு சின்ன ஊர் ரோட்டில் ஏறினோம். ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். களத்தைத் தேடி யார் போவது? ரோட்டில் போட்டால் பஸ்ஸும் காரும் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். அன்றைக்கு டவுன் பஸ் வரவில்லை. பரப்பியது பரப்பியபடி கிடந்தது. ஓரத்தில் வாருகோலோடு நின்ற அம்மாள் கடுப்பில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நடுரோட்டுக்கு வந்து கையை விரித்து மறித்தார்.

"எங்க ஓரமா நழுவுறீங்க? மேலயே ஏத்திக்கினு போங்க."

"சைக்கிளுக்கு என்னம்மா கனம் இருக்குது?" என்றார் இவர்.

"சாருக்குக் கனம் இருக்குதில்ல?" என்று அவரை மேலும் கீழும் பார்த்தார் அந்த அம்மாள். பிறகு டயரைத் தொட்டுப் பார்த்து, "பட்டன் பட்டனா நல்லாத்தான் இருக்குது. உடைக்கும்" என்றார்.

என் சைக்கிளில் நாலு முழம் போவதற்குள் கொள்ளுக்கொடி கியரில் சுற்றிக்கொண்டது. நான் இறங்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் சிக்காமல் போய்விட்டார். கடைசி வரை போனவர் இறங்கி, நசுங்கிய காய்களைப் பொறுக்கிப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆள் ஆபீஸுக்குள் போய்விட்டார் என்று. "நடுவுல உடையுதும்மா, ஓரத்துல உடையலை" என்று கத்தினார். "அப்ப ஓரத்துல வாங்க" என்று இந்த அம்மாள் பதிலுக்குக் கத்தினார். ஓரத்தில் வந்தார். இன்னொரு ஓரத்தில் போனார். வந்தார். போனார். செடியைப் புரட்டிப் போடச் சொன்னார். அந்த அம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே புரட்டினார்.

இதில் ஒரு சங்கதி. அந்த ரோடு மேடு. லேசான மேடு அல்ல, நான் இதுவரை எந்தப் பாதையிலும் அவரைக் கூட்டிப்போகத் துணியாத மேடு. செடி மூடிக் கிடந்தது, அவர் கண்ணும் காயை விட்டு நகரவில்லை. மேலே போகும்போது கனத்தால் அது கொடியால், கீழே வரும்போது லேசானால் கொடி நசுங்கிவிட்டதால் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் கியரிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டே முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயால் மூச்சு விட்டார். மறுபடியும் மேலே திரும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"போதுங்க! இவ்வளவு பெரிய ஏத்தத்துல எத்தனை தடவைதான் ஏறுவீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பிரேக் பிடித்தார்.

"ஏத்தமா?"

 அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ரோட்டோரத்தில் செடி இல்லாத தாரில் படுக்க வைத்துக் கையை எடுத்தார். பாட்டில் தயங்கவே இல்லை. உருண்டு, வேகம் பிடித்து, என் காலைத் தாண்டிப் போய் வேலியில் முட்டியது. அந்த அம்மாள் ஒருமுறை பாட்டிலைப் பார்த்தார், ஒருமுறை எங்களைப் பார்த்தார். பட்டணத்துக்காரர்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி கீழே நடந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இனி இந்த மனிதர் சைக்கிளைத் தொடமாட்டார், என் பேச்சையும் நம்பமாட்டார் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

"அந்த ரோஜாத் தோட்டத்துப் பாதை?" என்றார்.

"ஏத்தம்."

"எதிர்க்காத்துன்னியே, அந்தத் தைலமரத் தோப்பு?"

"அதுவும் ஏத்தம்தாங்க."

"காத்து இறங்கிப்போச்சுன்னு ரெண்டு டியூப் மாத்தினேனே?"

"காத்தை இறக்கினது நான்."

திட்டு வரும் என்று தலையைக் குனிந்து நின்றேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவர் மேலே, ரோடு போய் முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, காலால் தரையை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அதெல்லாம் நான் ஏறிட்டேனா?"

"ஆமாங்க" என்றேன்.

"ஏத்தமோ இறக்கமோ, அந்த மூலையில இன்னும் காய் அப்படியே கெடக்குது சார்" என்றார் வாருகோல் அம்மாள்.

அவர் சைக்கிளை மேட்டுப் பக்கம் திருப்பி ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை செடியைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.